தபசு காலத்துத் தீர்ப்பு

15-3-1959, ஞாயிறு

எனக்கு அநியாயம் நடந்துவிட்டது. மாதா கோவில் வாசல் பலகையில் நான் எழுதிய சினிமாத் தீர்ப்பை, முதல் பூசைக்கும் இரண்டாம் பூசைக்கும் நடுவில் யாரோ அழித்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. அழித்த பிறகும் சொல்லவில்லை.

டஸ்டர் பலகைக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. அதை எடுக்கக்கூடப் பொறுமை இல்லை. ஏதோ துணியால் தேய்த்திருக்கிறான். படத்தின் பெயரில் பாதியும், அடியில் 'அற்புதசாமி' என்ற என் கையெழுத்தும் மட்டும் மிச்சம். என் பெயரை விட்டுவைத்து என் கருத்தை எடுத்துவிட்டான். இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

பழைய சாமியார் காலத்தில் தொடங்கிய பலகை இது. திருச்சிக் கொட்டகைகளில் எந்தப் படம் வந்தாலும் பெஞ்சு டிக்கெட்டில் போய்ப் பார்த்துவிட்டு ஞாயிறு விடிவதற்குள் எழுதிவிடுவேன். 'பார்க்கலாம்', 'பெரியவர்கள் மட்டும்', 'வேண்டாம்' என்று மூன்றில் ஒன்று. பங்குச் சபை கேட்டது அவ்வளவுதான். கீழே இரண்டு வரி காரணம் எழுதுவது நானாகச் சேர்த்தது. காரணம் சொல்லாத தீர்ப்பு போலீஸ்காரன் தீர்ப்பு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ரயில்வே சரக்கு ஷெட்டில் பெட்டிகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதி எழுதி வந்த எழுத்து இது. படிப்பு அதற்குப் பிறகு, யார் தயவும் இல்லாமல் வந்தது. அதனால்தான் இளக்காரம்.

அழிக்கப்பட்டது இதுதான். மறக்காமல் இங்கே திரும்ப எழுதிவைக்கிறேன்:

'இரண்டாம் தாலி — வேண்டாம். செத்த புருஷனை மறந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறவளின் கதை. நம் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது.'

இதில் என்ன தப்பு?

படத்தை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் நான் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை. மற்ற வருஷங்களில் பெரியகடைவீதியில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் சேக் மைதீன் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார். அவர் கண்ணை நம்பி எழுதுவேன். இந்த வருஷம் எங்கள் தபசும் அவர்கள் நோன்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவரும் போகவில்லை. ஆகவே கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை வாங்கிக் கதைச் சுருக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதினேன். சுருக்கம், விதவைப் பெண் பெட்டியோடு வாசலில் நிற்கிற இடத்தில் நிற்கிறது. மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருக்கிறான். மீதி என்னவாக இருக்கும் என்று தெரியாதா எனக்கு?

புனிதர் சுரூபங்களுக்கெல்லாம் இன்றைக்கு ஊதாத் துணி போர்த்திவிட்டார்கள். என் பலகைக்கும் சேர்த்துப் போர்த்தியிருக்கலாம்.

மருமகள் அக்னஸ் முதல் பூசைக்குப் போனவள், தலைவலி என்று படுத்துவிட்டாள்.

16-3-59, திங்கள்

பிலோமின்ராஜ் வீட்டுக்குப் போனேன். உயர்நிலைப் பள்ளி வாத்தியார், பங்குச் சபைச் செயலாளர். பெண்சாதி இறந்து மூன்று வருஷமாயிற்று. பலகையை எடுத்துவிட்டு வெளியூரிலிருந்து வரும் அச்சடித்த பட்டியலை ஒட்டலாம் என்று போன வருஷமே சொன்ன ஆள். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"என் எழுத்துல கை வைக்க யார் அதிகாரம் குடுத்தா?" என்றேன்.

"உள்ள வாங்க ஐயா. உக்காருங்க."

"உக்கார வரல."

"நான் அழிக்கலீங்க. நான் அழிச்சிருந்தா முழுசா அழிச்சிருப்பேன். பாதி வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப யாரு?"

"அந்தப் படம் எப்படி முடியுதுன்னு தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தபசுல எப்படிங்க தெரியும்?"

"தபசு முடிஞ்சே எழுதியிருக்கலாமே ஐயா. பதினஞ்சு நாள்தானே." கடைசியில் குரல் கட்டிவிட்டது. வாத்தியாருக்கு ஜலதோஷம் போல.

அடுப்படியிலிருந்து அவர் தாயார் சத்தம் போட்டாள். "அவருகிட்ட என்னடா பேச்சு? அதான் ஊருக்கே எழுதிப் போட்டுட்டாரே. போதும், வா உள்ள."

ஒரு சினிமாவுக்கு இந்த வீட்டில் இத்தனை கோபமா? அந்தப் படத்தில் இவர்கள் பணம் போட்டிருக்கிறார்களா என்ன?

18-3-59

வாரப்பத்திரிகை வந்தது. அக்னஸ் படித்துக் காட்டவில்லை. கண் புரை வந்ததிலிருந்து தொடர்கதையை அவள்தான் எனக்கு உரக்கப் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற தொண்டை. நிறுத்துகிற இடத்தில் நிறுத்துவாள். என் தீர்ப்புக்கு எதிர்த்தீர்ப்புச் சொல்ல இந்த ஊரில் தைரியம் உள்ள ஒரே ஆள் அவள்தான். 'மலர்விழியின் வைராக்கியம்' போன வாரம் முடியும்போது, "வைராக்கியம் எல்லாம் இல்ல மாமா, அந்தப் பொண்ணுக்குப் பயம். பயந்துகிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கு. எழுதுறவரு அதுக்கு நல்ல பேரு வச்சுட்டாரு" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படக்கதைப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். 'கப்பல் வீரன் காத்தமுத்து'. ஒன்பது வாரமாக நடுக்கடலில் இருக்கிறான். தாடி வளரவில்லை. சட்டை கசங்கவில்லை. ஆனால் இவன் சினிமாக்காரனைவிட யோக்கியன். அடிபட்டு விழும்போது பாடுவதில்லை.

தொடர்கதைப் பக்கம் அப்படியே மடித்துக் கிடக்கிறது.

19-3-59

சூசையப்பர் திருநாள். பாடற்குழுவில் அக்னஸ் இல்லை. கேட்டேன். "தொண்ட சரியில்ல மாமா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

21-3-59, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மைதீன் கடைக்குப் போனேன். நோன்பு மாதத்தில் அவர் தட்டு சுழற்றுவதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அரை நிமிஷம் போட்டுக் காட்டிவிட்டு ஊசியை எடுத்துவிடுவார். அதனால் பழைய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். யுத்தத்துக்கு முன் வந்த 'சத்தியசீலன் சரித்திரம்' நினைவுக்கு வந்தது. நாற்பது பாட்டு. பாட்டுக்கு நடுவே கதையைத் தேட வேண்டும். அதில் பாடியவன் குரல் அலுமினியப் பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுவது மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல, அவர் அடித்துப் பேச — எப்போதும் போல.

அப்புறம் பலகை விஷயத்தை எடுத்தேன். அழித்தவன் கையை ஒடிக்க வேண்டும் என்றேன்.

பாய் எழுந்து போய்க் கடையின் முன்பக்கத் திரையை இழுத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, நோன்பு வச்சுக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க நெசமாவே தெரியாமத்தான் எழுதுனீங்களா?"

"என்ன தெரியாம?"

"யா அல்லாஹ்" என்று தலையைத் தடவிக்கொண்டார். "பாலக்கரை பூரா தெரியுமே அண்ணே. மீன் மார்க்கெட்டுல தெரியும். உங்க வாத்தியாரு இல்ல, பிலோமின்ராஜு, அவரு நம்ம அக்னஸைக் கேட்டு உங்க சாமியார்கிட்டப் போயி ஒரு மாசம் ஆவுது. அந்தப் புள்ளைக்கும் சம்மதம்தான்னு பேச்சு. தபசு முடிஞ்சதும் சாமியாரே உங்க வீட்டுக்கு வந்து பேசுறதா இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க ஞாயித்துக்கெழமை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போட்டுட்டீங்க. செத்த புருஷனை மறந்தவ, பெட்டியத் தூக்கிட்டுப் போறவன்னு. அண்ணன் சாடையா பதில் சொல்லிட்டாருன்னு ஊரே பேசுது."

"நான் படத்தப் பத்தி எழுதுனேன் பாய்."

"படத்த நீங்க பாக்கலையே."

எழுந்து வந்துவிட்டேன். வழியில் யார் வணக்கம் சொன்னார்கள், யார் சொல்லவில்லை, ஒன்றும் தெரியாது.

என் வீட்டு விஷயம். மீன்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இது இரண்டாவது அநியாயம். முதலாவதைவிடப் பெரியது. தபசு காலத்தில் கல்யாணம் நடத்தக் கூடாது என்றுதான் திருச்சபை சொல்கிறது, கல்யாணப் பேச்சைப் பேசக் கூடாது என்று எங்கே சொல்கிறது? சாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த மூன்று வரியை எழுதியிருப்பேனா? பாட்டுப் புத்தகத்தைத் தொட்டிருப்பேனா?

கிளமென்ட் டைபாய்டில் போய் நாலு வருஷமாகிறது. என் மகன். ஒரே மகன். அவன் சட்டை இரண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

அக்னஸுக்கு வயது முப்பது.

22-3-59, குருத்து ஞாயிறு

குருத்தோலை வாங்கிக்கொண்டு பலகையைப் பார்க்கக் கூடாது என்று வந்தேன், பார்த்துவிட்டேன். பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணிதான் இருந்தது. சாமியார் கழற்றிச் சாமான் அறையில் வைத்துவிட்டாராம். சச்சரவு வேண்டாம் என்று. கேட்கப் போகவில்லை.

24-3-59, செவ்வாய்

கேட்டுவிட்டேன். அக்னஸ் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிலோமின்ராஜ் விஷயம் எனக்கு ஏன் சொல்லல?"

கை நிற்கவில்லை. "சாமியாரு சொல்றேன்னாரு மாமா. பாஸ்கு கழியட்டும்னாரு."

"பலகைய அழிச்சது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தான்."

அவளே சொன்னாள்.

"மொதல் பூச முடிஞ்சு வெளிய வரேன், எல்லாரும் பலகையப் படிச்சுட்டு என்னையப் பாக்குறாங்க. தலைய குனிஞ்சுகிட்டு வந்துட்டேன். அப்புறம் வாசல் காலியானதும் திரும்பப் போயி முந்தானையால துடைச்சேன். உங்க பேரத் துடைக்க மனசு வரல. விட்டுட்டேன்."

"அது சினிமாவுக்கு எழுதினது அக்னஸ்."

"தெரியும் மாமா. சினிமாவுக்கு எழுதினதுதான். ஆனா உங்களுக்குத் தோணினதத்தானே எழுதுனீங்க." அரிசியைப் புடைத்துக் கல்லை வாசலில் எறிந்துவிட்டு வந்தாள். "அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லியனுப்பிட்டேன். திங்கக்கெழமையே. அது முடிஞ்சு போச்சு, நீங்க சாப்பிட வாங்க."

சாப்பிட்டேன். எனக்கும் வாய் இருந்தது. இப்போது எழுதுகிற இத்தனை வார்த்தையும் அப்போது உள்ளேதான் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

27-3-59, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாட்டுக்குப் போய்வந்து புனிதர் சரித்திரப் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். மிஷன் அச்சகம் போட்டது, கெட்டி அட்டை. வருஷா வருஷம் இந்த நாளில் படிக்கிறேன். 'எல்லோரும் படிக்கலாம்' என்று முதல் பக்கத்தில் நானே பென்சிலால் எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் கவனித்தேன். இதில் விதவையான புனிதைகள் அத்தனை பேரும் மடத்துக்குப் போகிறார்கள். இல்லாவிட்டால் குஷ்டரோகிகளுக்குப் புண் கழுவுகிறார்கள். ஒருத்தியாவது இன்னொரு வீட்டுக்குப் போய் உலை வைத்து, மூன்று பிள்ளை பெற்று, சண்டை போட்டு, கிழவியாகிச் செத்து, அப்படியும் மோட்சத்துக்குப் போயிருக்க மாட்டாளா? எழுதியவர் தேடவில்லை.

பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. கீழே 'பெரியவர்கள் மட்டும்' என்று சேர்த்தேன்.

29-3-59

பாஸ்கு. அக்னஸ் கோழிக் குழம்பு வைத்தாள். தபசு முடிந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

5-4-59, ஞாயிறு

பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், மூன்றில் முதலாவது. பிலோமின்ராஜுக்கும் புள்ளம்பாடியில் ஒரு பெண்ணுக்கும். பெண்ணின் பெயர் காதில் விழவில்லை. தாயார் அவசரப்படுத்தியிருப்பாள்.

அக்னஸ் பாடற்குழுவில் இருந்தாள். தொண்டை சரியாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த பாட்டை அவள்தான் எடுத்தாள். ஒரு இடத்திலும் குரல் நடுங்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு நான் வேறு கோவிலுக்குப் போயிருக்கலாம்.

11-4-59, சனி

மைதீனுக்குப் பெருநாள் கழிந்துவிட்டது. புதுச்சட்டையோடு வந்து நின்றார். "அண்ணே, படத்த ஸ்ரீரங்கத்துக் கொட்டகைக்கு மாத்திட்டான். கெளம்புங்க. பாக்காமச் சண்டை போட்டது போதும், பாத்துட்டுப் போடுவோம்" என்றார். பஸ்ஸில் போனோம். காவேரியில் மணல்தான் தெரிந்தது.

இப்போது தீர்ப்பு. பலகை இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

'இரண்டாம் தாலி'. முதல் பாதி நல்ல பாதி. அந்த விதவைப் பெண்ணாக நடித்தவள் அழுகையை அளந்து அழுகிறாள். மாமியார் வாசலில் மறிக்கிற இடத்தில் வசனம் இல்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டுப் புத்தகம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மீதியை இன்றைக்குத்தான் பார்த்தேன். நான் என்ன நினைத்தேன்? அவள் போய் இன்னொருவனோடு சந்தோஷமாக இருப்பாள், அதை நியாயம் என்று காட்டுவான் என்று. அப்படி ஒன்றும் இல்லை. கல்யாண நாளில், மணவறைக்கு வருகிற வழியில், அவளுக்கு மாரடைப்பு. காரணமே இல்லாமல். முந்தின காட்சியில் குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிறவளுக்கு மாரடைப்பு. மாப்பிள்ளை அந்தத் தாலியைக் கொண்டுபோய் அவள் படத்துக்கு மாட்டுகிறான். பின்னால் சூரிய அஸ்தமனம். வீணை.

இரண்டாம் தாலி என்று பெயர் வைத்து, சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, ஊரைக் கூட்டி உட்கார வைத்துவிட்டு, கட்டப் பயந்து அவளைக் கொன்றுவிட்டான். கோழைப் படம். உயிரோடு ஒரு பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப இவனுக்குத் தைரியம் இல்லை. வேண்டாம். யாரும் பார்க்க வேண்டாம். முக்கியமாகப் பெண்கள்.

வெளியே வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட வந்தவளிடம் சொன்னாள். "நேக்கு அப்பவே தெரியும்டீ. அவளை வாழ விட்டுடுவாளா இவா?"

மைதீன் பஸ்ஸில் கேட்டார். "அப்ப நீங்க எழுதுனது சரிதானேண்ணே. வேண்டாம்னுதானே எழுதுனீங்க?"

"தீர்ப்பு சரி. காரணம் வேற."

"காரணத்தப் படிச்சுத்தாண்ணே அந்தப் புள்ள அழிச்சுச்சு."

பஸ் பாலம் கடந்தது. பிறகு அவரே பேச்சை மாற்றி, வீட்டில் பெருநாளுக்குச் செய்ததை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

12-4-59

இரண்டாவது ஓலை.

வந்ததும் அக்னஸிடம் சொன்னேன். "அந்தப் படம் பார்த்தேன்."

"சரி மாமா."

"மோசமான படம்."

"தெரியும். பலகையில பார்த்தேனே."

"அதுக்கில்ல. கடைசில அவளக் கொன்னுட்டானுங்க. கல்யாணத்தன்னைக்கு. கொன்னிருக்கக் கூடாது."

துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புடவை முழுவதையும் விரித்து, சுருக்கம் எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் வந்த பிறகுதான் பதில் சொன்னாள். "கதைன்னா எங்கயாவது ஒரு எடத்துல முடியணுமில்ல மாமா."

இன்னும் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

14-4-59

படத்தின் பாட்டுத் தட்டு மைதீன் கடைக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை போடச் சொன்னேன். ஒரு பக்கம் காதல் பாட்டு, ஆர்மோனியக்காரன் தூங்கிக்கொண்டே வாசித்திருக்கிறான், அதை விடலாம். மறு பக்கம் அந்தப் பெண் விடியற்காலையில் வாசல் தெளிக்கிறபோது பாடுவது. வாத்தியம் ஒன்றிரண்டுதான். இன்றைக்கு வெயில் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற மாதிரி ஒரு குரல். படம் அவளைக் கொன்றது. இந்தத் தட்டில் அவள் சாகவில்லை, வாசல் தெளித்துவிட்டு உள்ளே வேலைக்குப் போகிறாள். படத்தைவிடத் தட்டு மேல். 'எல்லோரும் கேட்கலாம்.'

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார். வீட்டில் கிராமபோன் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

19-4-59, ஞாயிறு

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். கோவிலில் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அக்னஸ் சொன்னாள். பச்சைமலை அடிவாரத்தில் கன்னியர் மடம் நடத்துகிற அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு ஒரு டீச்சர் வேண்டுமாம். விடுமுறையிலும் வீடில்லாத பிள்ளைகள். மதர் கேட்டிருக்கிறாள், இவள் சரி என்றுவிட்டாள்.

"எத்தன நாளைக்கு?"

"தெரியல மாமா. பொன்னுத்தாய் வந்து உங்களுக்குச் சமைச்சு வச்சுட்டுப் போவா. காரம் கம்மியாப் போடச் சொல்லியிருக்கேன்."

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? இருக்கிறதா? இருந்தால் எதை வைத்து?

22-4-59

துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெட்டியை நான் தூக்கினேன். கொடுக்க மாட்டேன் என்றாள், பிடுங்கித்தான் வாங்கினேன். கிளமென்டோடு வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி. பலகையில் பெட்டியைப் பற்றி எழுதியவன் நான். ஊர் பார்த்திருக்கும். பார்க்கட்டும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். "மருந்து மறந்துடாதீங்க மாமா" என்றாள். பஸ் புறப்பட வெகு நேரம் எடுத்தது. அத்தனை நேரமும் நான் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

29-4-59

வாரப்பத்திரிகை வந்தது. பொன்னுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது.

6-5-59, புதன்

பிலோமின்ராஜ் கல்யாணம் முடிந்தது. நான் போகவில்லை. போக வேண்டிய முறை என்ன? கல்யாண வீட்டிலிருந்து கறி வந்தது. திருப்பி அனுப்பவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

படுத்து யோசித்துப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் சாமியார் வந்து, அற்புதசாமி, உன் மருமகளைக் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றிருப்பேனா? கிளமென்ட் சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரியும். கேட்கவில்லை, அதுதான் என் புகார். அதை நான் விடப் போவதில்லை.

10-5-59, ஞாயிறு

ஆகவே செய்ய வேண்டியவை. சம்பந்தப்பட்டவர்களிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன்.

பங்குச் சாமியார் என் பலகையைச் சாமான் அறையிலிருந்து எடுத்துப் பழைய ஆணியில் மாட்ட வேண்டும். தபசு காலத்தில் பலகையில் படத் தீர்ப்பு கிடையாது, பார்த்துவிட்டுத்தான் எழுதப்படும் என்று பூசையில் அறிவிக்க வேண்டும். இனி என் வீட்டுப் பெண்ணை யாராவது கேட்டு வந்தால் பெரிய வெள்ளியாக இருந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும்.

படம் எடுத்தவர்கள் கடைசி மூன்று சுருளை எரித்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். மாட்டார்கள். ஆனாலும் மெட்ராஸ் விலாசத்துக்கு எழுதுவேன்.

பிலோமின்ராஜ் அந்தப் புள்ளம்பாடிப் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். நடந்தது எதுவும் அவள் காதுக்குப் போகக் கூடாது. அவர் தாயார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் அவரைத் திட்டியது திட்டியதுதான், ஆனால் அழித்தது அவர் இல்லை என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்வேன். யார் அழித்தது என்று சொல்ல மாட்டேன்.

சேக் மைதீன் கடைக்கு வருகிற எங்கள் சபை ஆட்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்ல வேண்டும்: அற்புதசாமி மருமகளைக் கேட்டு யாராவது வந்தால் அவன் உட்கார வைத்துப் பேசுவான் என்று. மீன் மார்க்கெட்டிலும் சொல்லலாம். அங்கே சீக்கிரம் பரவும்.

நான் செய்ய வேண்டியது: வியாழக்கிழமை துறையூர் பஸ். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு பஸ் எப்போதாவதுதானாம், மாட்டுவண்டி கிடைக்காவிட்டால் நடக்க வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். கிளமென்டை நீ மறந்ததாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதுதான். ஒரே வரி. காரணம் எழுதத் தேவையில்லை.

அக்னஸ் செய்ய வேண்டியது என்று எழுதிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். திரும்பி வர வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம், உட்காரச் சொல்லவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும் வரை அங்கே நின்றால் போதும். பிள்ளைகள் கூப்பிட்டால் போகட்டும், நான் காத்திருப்பேன்.